ஒன்றே கால்

என்னைப் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ இருந்தது. நாற்பத்திரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் என் முகம் வராது, கையெழுத்து மட்டும்தான் வரும். அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, "யார் இந்த பாபு? இவருக்கும் இதில் பங்கு உண்டா?" என்று முகப்பேரில் குடியிருக்கும் சரவணக்குமார் என்கிற சாஃப்ட்வேர்க்காரர் கேட்பார். என் மனைவி சரசா அதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்தையாச்சும் ஒழுங்கா போட்டிருக்கலாம்" என்றாள்.

யார் இந்த பாபு என்று நானே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன டெஸ்டிங் லேபில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். கிரைண்டர், ஹீட்டர், மோட்டார் என்று எது வந்தாலும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று அளந்து, அளந்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போடுவேன். அளக்காததை எழுதியதில்லை. வேறு எதையும் பெரிதாகச் சாதிக்காதவனுக்கு இது ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

விஷயம் ஷவுகத் அலி பாயின் பொட்டி. பாய் பூந்தமல்லியில் மோட்டார் காயில் கட்டுகிறவர். எங்கள் லேபில் புகைந்துபோன மோட்டார்களெல்லாம் அவரிடம்தான் போகும். புதிதை விட நன்றாக ஓடும்படி கட்டித் தருவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் அவருடைய காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கண்ணும் மங்கியது. மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆனதும் கடையை மூடினார். மூடிவிட்டுப் படுத்தவர் எட்டு மாசம் எழுந்திருக்கவில்லை. நான் ஒருமுறை பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துக் கிடந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் மனைவி லத்தீஃபா அக்கா வாசல் வரை வந்து, "யார் வந்தாலும் இப்படித்தான் தம்பி. சாவுக்குக் காத்துகினு கீறாரு" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் எனக்கு போன் செய்தார்.

"இன்னா நைனா, மீட்டர எடுத்துகினு ஊட்டுக்கு வா. ஒண்ணு காட்டுறேன்."

பழைய குரல், பழைய அதட்டல். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவர் எதைக் காட்டினாலும் சரி என்றுதான் போனேன்.

அவர் காட்டியது ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு ஸ்டீல் டிரம். அதற்குள் முழுகியபடி அவரே தடித்த கம்பியில் கட்டிய ஒரு காயில். பக்கத்தில் ஒரு தகரப் பொட்டி. பொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டார். அதுதான் கண்டுபிடிப்பாம்.

"ஒண்ணு போட்டா ஒண்ணே காலு வருது நைனா" என்றார்.

படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். நூறு பங்கு கரண்ட் கொடுத்தால் நூறு பங்கு சூடுதான் வர முடியும். அதிலும் கொஞ்சம் காற்றோடு போய்விடும். தொண்ணூற்றைந்து வந்தால் நல்ல ஹீட்டர். நூற்றிருபத்தைந்து வந்தால் ஒன்று மீட்டர் பொய், இல்லை மனுஷன் பொய். நான் பாயிடம் அப்படிச் சொல்லவில்லை. "அளந்துடலாம் பாய்" என்றேன்.

எங்கள் லேபுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் மூன்று வெள்ளிக்கிழமைகள் போனேன். காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து இரண்டரை வரை. கால் மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஏமாற்று வேலை இருக்குமென்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிளக்குக்கு சீல் வைத்தேன். மீட்டருக்கு சீல் வைத்தேன். பொட்டி மூடிக்குக் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். எர்த் கம்பியில் திருட்டுத்தனமாக ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தேன். டிரம்மைத் தூக்கி மர ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் நாலு காலையும் தட்டிப் பார்த்தேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லா பாரு, நல்லா பாரு" என்று கூடவே குனிந்து பார்த்தார். இரண்டு விரல் இல்லாத காலோடு அப்படிக் குனிவது அவருக்கு எவ்வளவு கஷ்டம்!

நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் ரீடிங் கிடையாது. பன்னிரண்டே முக்காலுக்கு பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவார்.

"நீ இரு நைனா. ஃபேன் கீது, பேப்பர் கீது" என்பார்.

நான் இருக்க மாட்டேன். வீட்டில் ஆம்பளை இல்லாதபோது அந்த அக்கா தனியாக இருக்கும் இடத்தில் நான் போய் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டிருப்பதா? அவரோடு கூடவே கிளம்பி, குமணன்சாவடி முனையில் டீ குடித்து, பஸ்களை வேடிக்கை பார்த்துவிட்டு, அவர் திரும்பும் நேரத்துக்குத் திரும்புவேன். சீல்கள் எல்லாம் வைத்தபடியே இருக்கும். தாளில் அந்த இடத்தில் 'தொழுகை இடைவேளை' என்று எழுதி, கிராஃபில் இந்தப் பக்கப் புள்ளியையும் அந்தப் பக்கப் புள்ளியையும் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோட்டால் சேர்த்துவிடுவேன். பிறகு பிரியாணி. லத்தீஃபா அக்கா கை பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு யாரும் கோட்டைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

மூன்று தடவையும் நூற்றிருபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்தது. என்னால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அளந்ததை எழுதினேன். எங்கள் முதலாளி பரந்தாமன் சார், "சோதனைக்கு வந்த பொருளுக்கு மட்டுமே பொருந்தும்னு கீழ ஒரு வரி போட்டுடு" என்றார். போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

பாய் அந்த ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டார். யாரோ அதையும் பாயையும் சேர்த்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட, 'பூந்தமல்லி பாயின் அதிசய ஹீட்டர்' என்று ஊர் சுற்றியது. பாதிப் பேர் இவருக்கு விருது கொடு என்றார்கள். மீதிப் பேர் உள்ளே தள்ளு என்றார்கள். அவருடைய தொப்பியைப் பார்த்து சிலர் எழுதியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அப்போதுதான் சரவணக்குமாரின் வீடியோ வந்தது. எங்கேயோ ஒரு ஒயர் ஒளிந்திருக்கிறது, டெஸ்ட் செய்தவன் குருடனாக இருக்க வேண்டும் அல்லது கூட்டாளியாக இருக்க வேண்டும் என்றார்.

பாய் அசரவில்லை. அவரே சரவணக்குமாருக்கு போன் போட்டு, "தம்பி, நீயே வா. எங்க வேணா வெச்சுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் லேபிலேயே, அடுத்த வெள்ளிக்கிழமை, சரவணக்குமார் முன்னிலையில் மறுசோதனை என்று முடிவாயிற்று. பரந்தாமன் சாருக்கு லேபின் பெயர் கெடாமல் இருந்தால் போதும். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை லத்தீஃபா அக்கா போன் செய்தார். அவர் எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"பாய் மாத்திர வாங்கப் போயிருக்காரு தம்பி, அதான் பேசுறேன். அந்த டெஸ்டு ஒங்க எடத்துல வேணாம். இங்கயே வெச்சுக்க."

"ஏன்க்கா?"

"அங்க நான் வர முடியாதுல்ல."

"நீங்க எதுக்கு வரணும்?"

குக்கர் விசில் ஒன்று கேட்டது.

"நான்தான் தண்ணி ஊத்துறேன்" என்றார்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. அவர் மெதுவாக, பிரியாணிக்குச் சொல்வதுபோல அளவோடு சொன்னார். "அவரு தொழப் போவாரு. நீயும் டீ குடிக்கப் போயிருவ. அடுப்புல ஒல கொதிச்சுகினு இருக்கும். டிரம்முலேர்ந்து ஒரு பக்கெட்டு மொண்டு எடுத்துட்டு, ரெண்டு குண்டான் கொதிதண்ணி ஊத்திருவேன். ஊத்திட்டு, வெளிய சிந்துனத தொடச்சிருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. பிளக்குக்கு சீல், பொட்டிக்கு சீல், ஸ்டூல் காலைத் தட்டிப் பார்த்த அறிவாளி! கரண்ட்காரன் திருட்டைக் கம்பியில்தான் தேடுவான். தண்ணீருக்கு யார் சீல் வைக்கிறார்கள்? அதுவும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு முஸ்லிம் வீட்டில் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்?

"ஏன்க்கா இப்படி பண்ணீங்க?"

"எழுந்து பொட்டி செஞ்சு முடிச்சதும் மொத தபா அவரு தனியாத்தான் டெஸ்டு பாத்தாரு. ஒண்ணும் வரல. அவரு மொகம் போன போக்க நீ பாக்கல தம்பி. மறுபடியும் போய் படுத்துட்டா? அடுத்த வெள்ளிக்கெழம ஊத்துனேன். தொழுதுட்டு வந்து தெர்மாமீட்டர பாத்தாரு. எட்டு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் எங்கிட்ட சோறு கேட்டாரு. அவருக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஏமாத்துறவருன்னு அந்த தம்பி சொல்றது எனக்கு நெஞ்சுல குத்துது."

"பாய்கிட்ட சொல்லிடுங்கக்கா. எத்தினி நாளைக்கு ஊத்துவீங்க?"

"சொன்னா மறுபடி செவுத்தப் பாத்துப் படுத்துருவாரு. இந்த தபா எழுந்துக்க மாட்டாரு. நீயே ஊத்திடு தம்பி. அங்கயும் ஜும்மாவுக்குப் போவாருல்ல? ரெண்டே குண்டான்."

சரி என்றும் நான் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என்னுடைய பழைய கிராஃப்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அந்த நேர்கோடு மற்ற இடங்களை விட இரண்டு மடங்கு செங்குத்தாக ஏறியிருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை பாய் ஒரு குட்டி யானை லோடு வண்டியில் வந்து இறங்கினார். டிரம்மும் பொட்டியும் மட்டும் இல்லை. அதே மர ஸ்டூல், அதே ஒயர், வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய சுவிட்ச் போர்டு, மூன்று கேனில் வீட்டு போர்வெல் தண்ணீர். காயில்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரில் கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

"எடம் ஒண்ணுதான் மாறிகீது. மத்ததெல்லாம் அதே" என்று சரவணக்குமாரிடம் சொன்னார். புதுச் சட்டை போட்டிருந்தார். அத்தர் மணந்தது.

சரவணக்குமாருக்கு முப்பது வயசுகூட இருக்காது. திருநெல்வேலிப் பக்கம். வில்லனாக எதிர்பார்த்துப் போனால் கூச்சப்படுகிற பையன். என்னிடம் தனியாக, "அண்ணாச்சி, அவர் மேல எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. கணக்கு இடிக்கி, அதான்" என்றான். கணக்கு இடிக்கத்தான் செய்தது. அவன் சொன்னது எல்லாம் சரி, ஒயரைத் தவிர. அவனிடம் அதைச் சொல்லவும் எனக்கு வாயில்லை.

பதினொன்றுக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டே முக்காலுக்கு பாய் எஸ்டேட் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். சரவணக்குமார் சாப்பிடப் போனான். அவனும் எல்லா ஒயரையும் தடவிப் பார்த்துவிட்டு, சீல்களைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, நிம்மதியாகத்தான் போனான்.

நான் லேபில் தனியாக இருந்தேன். பேன்ட்ரியில் டீக்குத் தண்ணீர் போடும் பெரிய கெட்டில் இருக்கிறது. நிரப்பி சுவிட்சைப் போட்டேன். கொதித்தது. டிரம்மிலிருந்து மொள்ள ஒரு பக்கெட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். பாய் எட்டு மாசம் கிடந்த கட்டில், அந்த முதுகு, எல்லாம் ஞாபகம் வந்தது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு டிரம் வரை போனேன். மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான். ஊற்ற வரவில்லை. நான் பெரிய யோக்கியன் என்பதால் அல்ல. இருபத்திரண்டு வருஷம் அளந்த பழக்கம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே. ஒரு மனுஷனின் உயிரை விட ஒரு ரீடிங் எனக்குப் பெரிதாகப் போய்விட்டதா? கெட்டிலில் இருந்ததை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது.

இரண்டரைக்குக் கணக்குப் போட்டோம். தொண்ணூற்று மூன்று.

சரவணக்குமார் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பாய் இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தார். பிறகு, பழுதான மோட்டாருக்கு முன்னால் உட்காருவதுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

"காயிலு அதே. பொட்டி அதே. ஒயரு, போர்டு, தண்ணி, ஸ்டூலு எல்லாம் அதே. மீட்டரும் அதே, அளக்குற ஆளும் அதே. இன்னா மாறிச்சு? அத்தினியும் ஊட்லேர்ந்து தூக்கிகினு வந்துட்டேனே!" என்றவர் சட்டென்று சிரித்தார். "லத்தீஃபா ஒருத்திதான் வர்ல."

சரவணக்குமாரும் சிரித்தான். பாய் சிரிப்பை நிறுத்தினார்.

"பழைய கிராப்ப எடு நைனா" என்றார்.

கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்? மங்கிய கண்ணுக்கு நெருக்கமாக வைத்து, கோட்டின்மேல் விரலால் தடவிக்கொண்டே போனார். தொழுகை இடைவேளையில் விரல் மேலே ஏறியது. அங்கேயே நின்றது. இன்னொரு தாள், இன்னொரு தாள். மூன்றிலும் அதே இடம். நாற்பது வருஷம் கோளாறு கண்டுபிடித்த மனுஷன். அவருக்கு இவ்வளவு போதும்.

"அவ கையில கொப்புளம் இருந்துச்சு. கேட்டேன். கஞ்சி வடிக்கறப்ப பட்டுச்சுன்னா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தாளைப் பார்த்துதான் சொன்னார்.

சரவணக்குமாருக்கு எதுவும் விளங்கவில்லை. "சார், நீங்க ஏமாத்தலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்ல அளந்ததுல ஏதோ தப்பு, அவ்வளவுதான். அந்த வீடியோவ எடுத்துருதேன்" என்றான். சொன்னபடி அங்கேயே அழித்தான். பாயின் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனான். நல்ல பையன். அவனுக்குக் கிடைத்தது தோற்றுப்போன ஒரு பொட்டி. ஏமாற்றியவர் யார் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

குட்டி யானையில் சாமான்களோடு சாமானாக நானும் பாயும் பின்னால் உட்கார்ந்து பூந்தமல்லிக்குத் திரும்பினோம். ஆவடி ரோட்டின் பள்ளங்களில் காலி கேன்கள் உருண்டன.

"உனக்கு முன்னயே தெரியுமா?" என்றார் பாய்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி வுடு. ஊட்ல அவ கேட்டா, ஒண்ணே காலு வந்துச்சுன்னு சொல்லு" என்றார்.

"பாய், எதுக்கு பாய்?"

"நான் படுத்துகினு இருந்தேனே, அந்த எட்டு மாசம் அவ நைட்ல தூங்கல. எனக்குத் தெரியும். நான் தூங்கற மாரி கெடப்பேன், அவ மூக்குகிட்ட கைய வெச்சுப் பாப்பா, மூச்சு கீதான்னு. இப்பத்தான் தூங்குறா. இந்த வயசுல கொதிதண்ணியத் தூக்கிகினு வந்து ஊத்திகீறா நைனா. அத்தினியும் வீண் போச்சுன்னு நான் எப்டி சொல்வேன்? பொட்டி போனா போவுது. எழுந்து ஒக்காந்து கீறேன்ல? அவளுக்கு அது போதும். வெள்ளிக்கெழமயானா டெஸ்டுன்னு நானும் தொழப் போறேன், அவளும் ஊத்தட்டும்."

"கை வெந்து போவுமே பாய்."

"சின்ன குண்டானா வாங்கிக் குடுக்குறேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்களா, கொல்லுகிறார்களா?

வாசலில் லத்தீஃபா அக்கா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! வண்டி நிற்பதற்குள் பாய் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "ஒண்ணே காலு!" என்றார். பிசிறில்லாமல் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். தண்ணீர் ஊற்றாமல் அந்த எண் வராது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

பாய் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வண்டியருகே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியமாகச் சொன்னார். "ஊத்திட்டியா தம்பி! நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு நேத்தெல்லாம் அழுதுகினு இருந்தேன். அல்லா உன் கைய நல்லா வெக்கணும். ஒரு உசுர காப்பாத்துன கை அது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்றால், பிறகு ஒன்றே கால் எப்படி வந்தது என்று கேட்பார். வரவில்லை, பாய் பொய் சொல்கிறார் என்றால், பாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் உடைந்து போவார்கள். பாய் எங்களைப் பார்த்தார். ஒரு கணம்தான். பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல டிரம்மின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழம வந்துருவல்ல தம்பி?" என்றார் அக்கா. "பிரியாணி இருக்கு."

"வரேன்க்கா" என்றேன். பிறகு பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.